3,62,880 வேண்டாம், பத்து போதும்

கேள்வி: 1 முதல் 9 வரையுள்ள இலக்கங்களை ஒருமுறை மட்டும் பயன்படுத்தி ஓர் எண் அமைக்க வேண்டும். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் 2-ஆலும், முதல் மூன்று 3-ஆலும், இப்படியே ஒன்பது வரை மீதியின்றி வகுபட வேண்டும். விடை 381654729 என்று புத்தகத்தில் இருக்கிறது. கணினி இல்லாமல் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? வேறு விடை உண்டா?

பதில்: வேறு விடை கிடையாது. காகிதமும் பென்சிலும் இருந்தால் அரை மணி நேரத்தில் நீங்களே அதை உறுதி செய்துகொள்ளலாம்.

ஒன்பது இலக்கங்களை 3,62,880 விதமாக அடுக்கலாம். அந்த எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். 0 இல்லாததால் ஐந்தாம் இடத்தில் 5 தவிர வேறு எதுவும் உட்கார முடியாது. 2, 4, 6, 8-ஆம் இடங்களுக்கு இரட்டைப்படை இலக்கங்கள்தான் வர வேண்டும். ஒற்றைப்படை எண்களுக்கு மீதி நான்கு இடங்கள். இப்போதே 24 × 24 = 576 ஆகிவிட்டது. 9-ஐப் பற்றிக் கவலையே இல்லை: எப்படி அடுக்கினாலும் கூட்டுத்தொகை 45.

அடுத்து 4. மூன்றாம் இலக்கம் ஒற்றைப்படை. எனவே நான்காவது 2 அல்லது 6. முதல் மூன்றும் முதல் ஆறும் 3-ஆல் வகுபடுவதால், நடு மூன்றின் கூட்டுத்தொகையும் 3-ஆல் வகுபட்டாக வேண்டும். ஆகவே நடுவில் 258 அல்லது 654. ஆறாவது இரட்டைப்படை என்பதால் ஏழு, எட்டாம் இலக்கங்கள் சேர்ந்த எண் 8-ஆல் வகுபட வேண்டும்: 16, 32, 72, 96. நடுவில் 654 என்றால் எட்டாவது 2, இரண்டாவது 8. 258 என்றால் எட்டாவது 6, இரண்டாவது 4. முதல் மூன்று இலக்கங்களை 3-ஆல் சரிபார்த்தால் எஞ்சுபவை பத்தே எண்கள்: 258-க்கு இரண்டு, 654-க்கு எட்டு.

இதுவரை எல்லாம் சமர்த்தாக அடங்கின. 7 மட்டும் யாருக்கும் கட்டுப்படாது. அதற்குக் கூட்டுத்தொகை, கடைசி இலக்கம் போன்ற குறுக்குவழி உதவாது. ஆனால் 1001 = 7 × 11 × 13. எனவே முதல் ஏழு இலக்கங்களை வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்து, மாறி மாறிக் கூட்டிக் கழித்தால் போதும். அந்தப் பத்தில் ஒன்றான 987654321-இன் முதல் ஏழு இலக்கங்களை, அதாவது 9876543-ஐ எடுத்தால் 543 − 876 + 9 = −324; இது 7-ஆல் வகுபடாது. பார்க்க அழகான எண், தேர்வில் தோற்றுவிட்டது. 3816547-க்கு 547 − 816 + 3 = −266, அதாவது −38 × 7. மற்ற எட்டையும் இப்படியே போட்டுப் பாருங்கள், ஒன்றுகூடத் தேறாது.

வால் பகுதியில் ஒரு 0 சேர்த்தால் 3816547290: பத்து இலக்கங்களும் ஒருமுறை வந்து, 10-ஆலும் வகுபடும். இலக்கங்கள் திரும்ப வரலாம் என்று விதியைத் தளர்த்தினால் இந்த விளையாட்டு 25 இலக்கம் வரை நீளும்: 3608528850368400786036725. அதற்கு வலப்புறம் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் 26-ஆல் வகுபடுவதில்லை.