முதலில் வைப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். தமிழ் வழியில் படித்தவள். வெளிநாட்டு பையர்களுக்கு, அதாவது சரக்கு வாங்குபவர்களுக்கு, மெயில் எழுதுவதுதான் என் வேலையில் பாதி.

போன மாதம் ஒரு பையர் 'ப்ளீஸ் பிரையாரிட்டைஸ் தீஸ் ஃபைவ் ஸ்டைல்ஸ்' என்று எழுதியிருந்தார். நான் அந்த ஐந்தையும் எது முதல், எது இரண்டாவது என்று வரிசைப்படுத்தி, அழகாக அட்டவணை போட்டு அனுப்பிவிட்டு அவர் ஒப்புதலுக்காகக் காத்திருந்தேன். அவர் கேட்டது அது இல்லையாம். கையில் இருந்த பன்னிரண்டு ஸ்டைல்களில் மற்ற ஏழு ஸ்டைலையும் நிறுத்திவிட்டு இந்த ஐந்துக்கும் சாம்பிள் அனுப்பச் சொன்னாராம். இரண்டு நாள் வீணாகிவிட்டது.

அது முடிந்த கையோடு எங்கள் மேனேஜர், "ஒரு மெயில் விடாமல் பிரையாரிட்டி, பிரையாரிட்டி என்றே எழுதுகிறாயே, வேறு வார்த்தையே கிடையாதா?" என்றார். நெட்டில் ஒத்த சொற்களைத் தேடினேன். பிரிஃபர், ஃபேவர், ரேங்க், பிரிசீட், அட்வான்ஸ், ஃபோர்கிரவுண்ட், பிரிவிலேஜ் என்று நீளமாக ஒரு பட்டியல் வந்தது. அதை நம்பி 'வீ ஹேவ் பிரிஃபர்ட் யுவர் ஆர்டர்' என்று எழுதினேன். மேனேஜர் சிரித்தார். ஏன் என்று சொல்லவில்லை.

இந்தச் சொற்களுக்குள் அப்படி என்ன வித்தியாசம்? தமிழில் எல்லாவற்றுக்கும் 'முன்னுரிமை' என்ற ஒன்றை வைத்துக்கொண்டு சமாளிக்கிறோமே?

ம., திருப்பூர்

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முதலில் பதில் எழுத வேண்டியது என்று தனியாக எடுத்து வைத்தேன், அதனால்தான் தாமதம். தனியாக எடுத்து வைக்கும் கடிதங்களுக்கெல்லாம் என்னிடம் இதுதான் கதி.

பையர் விஷயத்தில் உங்கள்மேல் தப்பில்லை. பிரையாரிட்டைஸ் என்ற வினைக்கு அகராதியிலேயே இரண்டு பொருள் உண்டு. இருப்பவற்றை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்துவது ஒன்று. ஒன்றை மற்றவற்றுக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது இன்னொன்று. நீங்கள் முதல் பொருளில் படித்தீர்கள், அவர் இரண்டாவது பொருளில் எழுதினார். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மொத்தக் கூட்டத்தையும் சொல்லி பிரையாரிட்டைஸ் செய்யச் சொன்னால் பெரும்பாலும் வரிசை கேட்கிறார்கள். கூட்டத்தில் சிலரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அவர்களை முன்னால் விடச் சொல்கிறார்கள். பன்னிரண்டையும் எழுதியிருந்தால் உங்கள் அட்டவணை சரி. அவர் ஐந்தைத்தான் எழுதினார். நீங்களே எழுதும்போது 'ஓவர்' என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள். இதை அதற்கு மேலாக, என்று எதிராளியையும் சொல்லிவிட்டால் குழப்பம் வராது.

பிரையாரிட்டி என்ற பெயர்ச்சொல் பழையது. லத்தீனில் 'பிரியார்' என்றால் முந்தையது, அதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அது நெடுங்காலம் காலத்தால் முந்தி இருப்பதையும் தகுதியால் முந்தி இருப்பதையும்தான் குறித்தது. அதை அலுவலக மேசைக்குக் கொண்டுவந்ததில் இரண்டாம் உலகப் போருக்குப் பங்குண்டு என்பது என் எண்ணம். 1941-இல் அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் அரசு ஒரு வாரியமே அமைத்தது, அதன் பெயரிலேயே 'பிரையாரிட்டீஸ்' இருந்தது. இரும்பும் அலுமினியமும் எல்லோருக்கும் போதாது. எந்தத் தொழிற்சாலைக்கு முதலில், எதற்கு அப்புறம் என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். வினைச்சொல்லான பிரையாரிட்டைஸ் அதற்குப் பிறகு, இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில்தான் பரவலானது. வயதான ஆங்கில ஆசிரியர்கள் சிலருக்கு இன்றும் அதைக் கேட்டால் காது கூசும்.

சரி, மேனேஜர் ஏன் சிரித்தார்? பிரிஃபர் என்பது மனசு சம்பந்தப்பட்ட சொல். 'உங்கள் ஆர்டரை பிரிஃபர் செய்தோம்' என்றால், மற்ற பையர்களின் ஆர்டரைவிட உங்களுடையது எங்களுக்குப் பிடித்திருந்தது என்றுதான் பொருள் வரும். வேலை ஒரு அங்குலம்கூட நகர்ந்ததாக அதில் செய்தி இல்லை. கட்டிங் டேபிளுக்குப் போயிற்றா என்று பையர் கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஆனால் உங்கள் பிழைக்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'முன்னால் தூக்கிச் செல்' என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் ஒருவரை பிரிஃபர் செய்வது என்றால் பதவியில் உயர்த்துவது. நம் நீதிமன்ற ஆங்கிலத்தில் இன்னும் அப்பீலை 'பிரிஃபர்' செய்கிறார்கள். மேல்முறையீடு என்றால் வக்கீலுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று அர்த்தமில்லை (பிடிக்கவும் கூடும்), மனுவைக் கொண்டுபோய் மன்றத்தின் முன் வைக்கிறார் என்றுதான். கம்பெனிச் சட்டத்தில் உள்ள பிரிஃபரன்ஸ் ஷேரும் இந்த வகை. அதை வைத்திருப்பவருக்கு ஈவுத்தொகை முதலில் வரும், கம்பெனியை மூடினால் போட்ட பணமும் சாதாரணப் பங்குதாரருக்கு முன்னால் திரும்பி வரும். ஆனால் பெரும்பாலான தீர்மானங்களில் அவருக்கு ஓட்டு கிடையாது. பந்தியில் முதல் இலை, பேச்சில் இடமில்லை. தமிழ் வணிகவியல் புத்தகங்களில் இதற்கு 'முன்னுரிமைப் பங்கு' என்று பெயர். உங்கள் சந்தேகம் சரிதான், நாம் பிரிஃபரன்ஸையும் பிரையாரிட்டியையும் ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறோம்.

பிரிஃபர் எழுதும்போது இன்னொன்று. 'காபியைவிட டீ' என்று தமிழில் யோசிப்பதால் நமக்கு ஆங்கிலத்தில் 'விட' என்று பொருள்படும் 'தேன்' வந்து விழும். வர வேண்டியது 'டு'. பிரிஃபர் டீ டு காபி. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், பிரையர் எல்லாவற்றுக்கும் 'டு'தான். இவை லத்தீனில் ஒப்பிடும் சொற்கள், 'விட' என்பதைத் தம் வயிற்றிலேயே வைத்திருப்பவை.

பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது பிரிசீட். முன்னே நடப்பது, அவ்வளவுதான். காரணம் கேட்காது, மரியாதை பார்க்காது. எழுத்து வரிசையில் ககரத்துக்கு முன் ஔகாரம் வருகிறது, அதனால் அது உயர்ந்ததாகிவிடாது. ஆனால் இதன் பிள்ளையான பிரெசிடென்ஸ் அப்படியில்லை, அது முழுக்க மரியாதை பார்க்கும் சொல். இந்திய அரசின் 'டேபிள் ஆஃப் பிரெசிடென்ஸ்' 1979 ஜூலை 26-ஆம் தேதி வெளியான அறிவிப்பு. விழாவில் யாருக்கு எந்த இடம் என்பதற்கு இதுவே அடிப்படை. குடியரசுத் தலைவர் முதலிடம், துணைத் தலைவர் இரண்டாமிடம், பிரதமர் மூன்றாமிடம். மாநில முதலமைச்சர் தன் மாநிலத்தில் ஏழாமிடம், மாநிலத்தை விட்டு வெளியே வந்தால் எட்டு. 'பிரதமர்' என்ற வடசொல்லுக்கு முதலாமவர் என்று பொருள், 'முதல்வர்' என்ற தமிழ்ச் சொல்லுக்கும் அதே பொருள். முதலாமவர் மூன்றாமிடத்திலும் இன்னொரு முதலாமவர் ஏழாமிடத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள்! அரசாங்கத்தின் அன்றாட வேலைகளுக்கு இந்த வரிசை பொருந்தாது என்று அந்த அறிவிப்பிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. பிரெசிடென்ஸ் வேறு, பிரையாரிட்டி வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டும் மோதிய இடமும் உண்டு. நெப்போலியன் படையில் லாரே என்ற அறுவை மருத்துவர் இருந்தார். அடிபட்டவர்களைப் பதவி பார்க்காமல், காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசைப்படுத்தச் சொன்னவர். தளபதியின் கீறலுக்கு முன்னால் சிப்பாயின் உடைந்த கால். இன்று இதற்கு 'ட்ரியாஜ்' என்று பெயர், வகை பிரிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். நம் ஊர் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிப்பது இதுதான். 'எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறோம், இப்போது வந்தவனை உள்ளே விடுகிறீர்களே' என்று அங்கே யாராவது நர்ஸிடம் சண்டை போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். கத்துகிறவர் கேட்பது பிரிசீட், நர்ஸ் பார்ப்பது பிரையாரிட்டி. பையருக்கு 'ட்ரியாஜ்' என்று எழுதிவிடாதீர்கள், ஃபேக்டரியில் விபத்து என்று நினைத்துப் பதறுவார்.

உங்கள் வேலையில் தினமும் தேவைப்படுவது நேரத்தை முன்னுக்கு இழுக்கும் சொல். நாம் எல்லோரும் 'பிரீபோன்' என்போம். அதை ஏளனம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். போஸ்ட்போன் இருக்கும்போது பிரீபோன் இருக்கக் கூடாதா? 1913-இலேயே நியூயார்க் டைம்ஸில் ஒரு வாசகர் கடிதத்தில் இந்தச் சொல்லை முன்மொழிந்திருக்கிறார் ஒருவர். அமெரிக்கர்கள் கண்டுகொள்ளவில்லை, நாம் எடுத்து வளர்த்தோம். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியிலும் இருக்கிறது. ஆனாலும் பையருக்கு எழுதும்போது வேண்டாம். அது சரியான சொல்தான், அவருக்குப் புரியாமல் போனால் நஷ்டம் உங்களுக்கு. 'பிரிங் ஃபார்வர்ட்' என்றோ 'மூவ் அப்' என்றோ எழுதுங்கள்.

இதிலும் ஒரு குழி உண்டு. புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் 'ஃபார்வர்ட்' நகர்த்தியிருக்கிறோம் என்று ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் சொல்லி, எந்தக் கிழமை என்று கேட்டுப் பார்த்திருக்கிறார்கள் உளவியலாளர்கள். திங்கள் என்றார்கள் சிலர், வெள்ளி என்றார்கள் சிலர். தமிழிலும் 'முன்' இரட்டை வேலைக்காரன்தான். 'முன்னொரு காலத்தில்' என்றால் போன காலம், 'நம் முன் உள்ள சவால்' என்றால் வரப்போகிற காலம். எனவே ஷிப்மென்ட் விஷயத்தில் எந்தச் சொல்லைப் போட்டாலும் பக்கத்தில் தேதியைப் போட்டுவிடுங்கள்.

ஃபேவர் என்று எழுதினால் ஓரவஞ்சனை வாசம் அடிக்கும். பிரிவிலேஜ் பார்வைக்குத்தான் இந்தக் குடும்பம், அதன் முதல் பாதிக்கும் 'முன்' என்பதற்கும் சம்பந்தமில்லை. தனியொருவருக்கான சட்டம் என்பது அதன் மூலம். வினையாகப் பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரைகளில்தான் புழங்குகிறது. ஃபோர்கிரவுண்ட் பேச்சிலும் படத்திலும் ஒன்றை முன்னிறுத்திக் காட்டுவது. மூன்றுமே உங்கள் மெயிலுக்கு வேண்டாம். பட்டியலில் இல்லாத ஒன்றைச் சும்மா ஆசைக்காகச் சொல்கிறேன்: பிரிபாஸ்டரஸ். அபத்தம் என்று பொருள். லத்தீனில் பிரித்தால் முன், பின் என்ற இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதாவது பின்னால் வர வேண்டியது முன்னால் வந்துவிட்டது. நம் 'முன்னுக்குப் பின் முரண்' அதற்குக் கிட்டத்தட்ட உறவுக்காரி.

கடைசியாக உங்கள் தமிழ்க் கேள்வி. முன்னுரிமை நல்ல சொல், ஆனால் அதற்குள் 'உரிமை' இருப்பதை மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டு ரேஷன் ஸ்மார்ட் கார்டுகள் சிலவற்றில் பி.எச்.எச். என்று அச்சிட்டிருக்கும். 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அது 'முன்னுரிமைக் குடும்பம்'. அங்கே அந்தச் சொல் கச்சிதம், ஏனென்றால் தானியம் பெற அந்தக் குடும்பத்துக்குச் சட்டமே உரிமை கொடுக்கிறது. காலர் வைத்த டி-ஷர்ட்டுக்கு என்ன உரிமை? அதை வெறுமனே முதலில் தைக்கிறீர்கள். 'இந்த ஸ்டைலுக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டு வருகிறது' என்று சூப்பர்வைசரிடம் சொல்லிப் பாருங்கள், ஏதோ அரசாணை வந்திருக்கிறது என்று எழுந்து நிற்பார். 'முன்னுரிமைப்படுத்துதல்' என்று இப்போது ஒன்று கிளம்பியிருக்கிறது. அதை நான் என் மொழிபெயர்ப்புகளில் எங்கே பார்த்தாலும் அடித்துவிடுகிறேன். முதலில் செய், முந்தி அனுப்பு, முன்னால் எடு, இது முடிந்துதான் மற்றது. தையல் லைனில் வேலை செய்பவர்கள் பேசுவது இப்படித்தான்.

ஆங்கிலத்திலும் அதையே செய்யலாம். 'வீ ஆர் டூயிங் யுவர் சாம்பிள்ஸ் ஃபர்ஸ்ட்.' சின்னப் பிள்ளை ஆங்கிலம் என்று மேனேஜர் சொல்லக்கூடும், சொல்லட்டும். ஃபர்ஸ்ட் சாதாரணச் சொல் இல்லை. முன் என்று பொருள்படும் 'ஃபோர்' என்ற சொல்லின் உச்ச வடிவம் அது, ஜெர்மனில் அதன் உடன்பிறப்பு 'ஃபூர்ஸ்ட்' என்று சிற்றரசனாகவே இருக்கிறது.

அடுத்த முறை அந்த பையர் ஐந்து ஸ்டைலைக் குறிப்பிட்டு எழுதினால் அட்டவணை போட உட்காராதீர்கள். ஒரே வரி பதில் போடுங்கள்: 'கேன் தி அதர் செவன் வெயிட்?'