ரஷ்ய மொழியில் 'வேதத்' என்றால் அறிதலாமே, அப்படியானால் ரஷ்ய மொழி வேதத்திலிருந்து வந்ததா?

வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் இதையே சொல்லி மூக்குடைபட்டவன்.

ரஷ்யாவில் மருத்துவம் படிக்கப் போன முதல் வருடம், மொழிப் பாடத்துக்கு வாய்மொழித் தேர்வு. ஒரு விலங்கைப் பற்றிப் பேசச் சொன்னார் டீச்சர். கரடிக்கு அங்கே மெத்வேத் என்று பெயர். 'மெத் என்றால் தேன், வேத் எங்கள் வேதம், ஆகவே தேனை அறிந்தவன், எல்லாம் சமஸ்கிருதம்' என்று அளந்துவிட்டேன். அந்த அம்மா துண்டுத்தாளில் இரண்டே சொல் எழுதினார்: மெத், யெஸ்த். யெஸ்த் என்றால் தின்பது. கரடி வெறும் தேன்தின்னி! நடுவில் உள்ள வகரம், 'மெது' என்ற பழைய வடிவத்தின் உகரம் திரிந்தது. ரிக்வேதத்திலேயே தேனுண்ணும் பறவைகளுக்கு 'மத்வத்' என்று வருகிறதே, மது + அத், அதே கதைதான்.

ஆனால் நீங்கள் கேட்ட வேதத் நிஜமாகவே வேதத்துக்கு உறவு. பாட்டி பேத்தி உறவல்ல, பங்காளி உறவு. ரஷ்யன், செக், போலிஷ் முதலான ஸ்லாவிய மொழிகளின் மூலமொழியில் எழுதி வைத்த ஏடு எதுவும் இல்லை. கிளைமொழிகளை ஒப்பிட்டு 'வேதேதி' என்று மீட்டு, ஊகம் என்பதற்கு அடையாளமாக முன்னால் ஒரு நட்சத்திரக்குறி போடுவார்கள். அதன் வேர் இன்னும் பழையது, நம் வேதத்துக்கும் அதுவே வேர், பொருள் 'பார்த்தல்'. பார்த்தவனுக்குத்தானே தெரியும்! லத்தீனில் அது பார்த்தலாகவே நின்றது. நம் கைப்பேசி வீடியோ அங்கிருந்து வந்ததுதான். செக் மொழியில் வேதா என்றால் அறிவியல், ரஷ்யனில் வேத்மா என்றால் சூனியக்காரி. போலந்துக்காரர் இன்றும் 'தெரியும்' என்பதற்கு வியெம் என்கிறார். ரஷ்யரோ ஸ்னாத் என்ற வேறு வினைக்கு மாறிவிட்டார். வேதத் இப்போது பழைய வாடை அடிக்கும் சொல்.

வேதத்தை மட்டம்தட்டுகிறேன் என்று யாரும் கமெண்டில் வரவேண்டாம். எங்கள் வீட்டிலும் ஆவணி அவிட்டம் உண்டு. நான் மொழியியல் படித்தவனும் அல்ல. 'எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும், ரஷ்யன் தேவையே இல்லை' என்று சொல்லிப் பணம் வாங்கிய ஏஜென்ட் புண்ணியத்தில், வார்டில் ஒரு பாட்டி 'இங்கே குத்துகிறது' என்று சொன்னது புரியாமல் விழித்து நின்றவன். அந்த வெட்கத்தில்தான் அகராதியைக் கையில் எடுத்தேன்.

அப்புறம், தேர்வு மதிப்பெண் பட்டியலுக்கு அங்கே வேதமஸ்த் என்று பெயர். அதுவும் இதே வேர்தான். அதில் எனக்கு விழுந்தது 5-க்கு 3.