தம்பிக்கு ஒரு மாசமா காது வடியுது

கேள்வி: டொக்டர், என்ர மகனுக்கு 7 வயசு. தடிமன் வந்த நேரம் காதுக்குள்ள குத்துது எண்டு இரவிரவா அழுதவன், விடியப் பாத்தா தலாணி உறையில மஞ்சளாச் சீழ், பிறகு நோ நிண்டிட்டுது. ஆனா ஒரு மாசமாகியும் வடியுது. அம்மா உள்ளி போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெய் விடச் சொல்லுறா. பின்னேரத்தில குளத்தில இருந்து அவனைக் கிளப்பேலாது. ரீச்சர் வேற, கூப்பிட்டாத் திரும்பிறானில்லை, சரியான குழப்படி எண்டு சொல்லுறா.
- ஒரு தாய், விசுவமடு

பதில்: தங்கச்சி, முதல்ல பிள்ளையைப் பேசாதேங்கோ. வடியிற காது வடிவாக் கேக்காது, அவன் திரும்பாதது அதாலயா இருக்கலாம். ரீச்சரிட்டச் சொல்லி முன் வாங்கில இருத்துங்கோ.

மூக்குக்குப் பின்னால இருந்து நடுக்காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகுது, பிள்ளையளுக்கு அது கட்டை, படுக்கையா இருக்கும், அதால தடிமனோட கிருமி லேசா ஏறி செவிப்பறைக்குப் பின்னால சீழ் கட்டும், முட்டி முட்டி நோகும், பறை கிழிஞ்சு சீழ் வெளிய வந்த உடன நோ நிண்டிடும். நோ நிண்டா சுகம் எண்டு கனபேர் விட்டிடினம், எனக்கு அதுதான் கவலை. 2 கிழமைக்கு மேல வடிஞ்சா கட்டாயம் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில காட்டோணும், நீங்கள் ஏற்கனவே பிந்தீட்டீங்கள்.

எண்ணெய் வேண்டவே வேண்டாம், கிழிஞ்ச பறைக்குள்ளால நேர நடுக்காதுக்குப் போயிடும். பாமசியில நீங்களாக் கேட்டுச் சொட்டு மருந்தும் வாங்காதேங்கோ, சிலது ஓட்டைக் காதில விட்டா உள்காதைப் பழுதாக்கும்.

காது காயோணும், அதுதான் பாதி மருந்து. சுத்தமான பருத்தித் துணியைத் திரி மாதிரி முறுக்கி மெல்லமா உள்ள வைச்சு, ஊறினா எடுத்து எறிஞ்சு புதுசு வைச்சு, திரி காய்ஞ்சபடி வரும் வரைக்கும் செய்யுங்கோ, நாளைக்கு 3 தரம். திரியை எடுத்த பிறகு உள்ள ஒண்டையும் வைச்சபடி விட்டிடாதேங்கோ, பஞ்சு சுத்தின குச்சியும் போடாதேங்கோ. குளிக்கேக்க வசிலின் பூசின பஞ்சால காதை அடையுங்கோ, முடிய எடுத்திடுங்கோ. குளம் இப்போதைக்கு இல்லை, அழுதாலும் பரவாயில்லை. கிளினிக்கில சொட்டு மருந்து தந்தா, காதைக் காய வைச்சிட்டுத்தான் விடோணும், சொன்ன நாள் முடியிற வரைக்கும்.

காதுக்குப் பின்னால வீங்கினா, கடும் காய்ச்சலோட தலையிடி சத்தி எண்டா, வாய் ஒரு பக்கம் கோணினா, தலை சுத்தினா கிளினிக் நாள் பாக்காம அந்த நேரமே கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.

இன்னொண்டு, நீங்கள் கேக்கேல்லை, எண்டாலும் சொல்லுறன். பிள்ளையைக் கொண்டு வாற தாய்மார் சிலருக்கு 2009 இல ஷெல் வெடிச்ச சத்தத்தில பறை கிழிஞ்சது இண்டைக்கும் அப்பிடியே கிடக்கு, அண்டைக்கு உயிர் தப்பினதே பெரிசு, காதை ஆர் பாத்தது. காதுக்குப் பக்கத்தில இருந்து மெல்லிய சவ்வு எடுத்து அந்த ஓட்டையை அடைக்கிற ஒப்பரேசன் இருக்கு, இத்தனை வருசம் கழிச்சும் செய்யலாம், அரச ஆஸ்பத்திரியில காசில்லை. உங்கட காதிலயும் அப்பிடி ஏதும் இருந்தா, தம்பியைக் கொண்டு போற அண்டைக்கே உங்களுக்கும் ஒரு கிளினிக் துண்டு எடுங்கோ.