மோடு எதுவென்று கர்சர் சொல்லட்டும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: டெர்மினலில் விம் என்ற எழுத்துத் திருத்தியை (எடிட்டர்) பயன்படுத்துகிறேன். இன்சர்ட் மோடு (எழுத்து அடிக்கும் நிலை) என்று நினைத்து நார்மல் மோடில் (விசைகள் கட்டளைகளாகும் நிலை) அடித்து, வரிகளை அழித்துவிடுகிறேன். மோடுக்கு மோடு திரையின் பின்னணி நிறத்தையே மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். நிமிடத்துக்குப் பல முறை மோடு மாறுவீர்கள். அத்தனை முறையும் முழுத்திரை நிறம் மாறினால் கண் சோர்ந்துவிடும். ஒரு பின்னணிக்காகப் பொறுக்கிய எழுத்து நிறங்கள் இன்னொன்றில் மங்கியும் போகும். அடிக்கும்போது பார்வை இருப்பது கர்சரில். திரையின் அடியில் மோடைக் காட்டும் ஸ்டேட்டஸ் லைன் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், கண் அங்கே போய் வருவதற்குள் நாலு எழுத்து விழுந்திருக்கும். அதனால் மோடைக் கர்சரே காட்ட வேண்டும்: முதலில் வடிவத்தால், பிறகு நிறத்தால்.

விமிலிருந்து கிளைத்த நியோவிமில் இது தானாகவே நடக்கும்: நார்மலில் கட்டம், இன்சர்ட்டில் 25 சதவீத அகலமுள்ள செங்குத்துக் கோடு, ரீப்ளேஸில் (இருக்கும் எழுத்தின் மேலேயே அடிக்கும் மோடு) அடிக்கோடு. டெர்மினல் விமில் நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். டி_எஸ்ஐ (இன்சர்ட்), டி_எஸ்ஆர் (ரீப்ளேஸ்), டி_ஈஐ (அவற்றிலிருந்து வெளியேறும்போது) ஆகிய மூன்று விம் அமைப்புகளுக்கும் கர்சர் குறியீட்டைக் கொடுங்கள். குறியீட்டின் அமைப்பு: எஸ்கேப், சதுர அடைப்புக்குறி, எண், ஒரு இடைவெளி, கடைசியில் சிறிய க்யூ. எண் 6 கோடு, 4 அடிக்கோடு, 2 கட்டம். இவை மூன்றும் சிமிட்டாதவை. பலர் விடுவது அந்த இடைவெளியைத்தான். அது இல்லாவிட்டால் வடிவம் மாறாது.

எஸ்கேப் அழுத்தியும் கோடு உடனே கட்டமாகவில்லையா? தீமின் (நிறத் தொகுப்பின்) தவறல்ல. சொந்த விம்ஆர்சி (விமின் அமைப்புக் கோப்பு) இருந்தால் விமின் தயார் அமைப்புகள் ஏற்றப்படுவதில்லை; அப்போது எஸ்கேப்புக்குப் பின் வேறு விசை வருகிறதா என்று விம் ஒரு நொடி வரை காத்திருக்கக்கூடும். டிடைம்அவுட்டை இயக்கி, டிடைம்அவுட்லென் மதிப்பை 50 (மில்லிநொடி) ஆக்குங்கள்.

நிறம் சேர்ப்பதானால் சிவப்பு-பச்சை இணையைத் தவிர்த்து நீலம்-ஆரஞ்சு எடுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் நிறையப் பேர். ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான தீம்கள் ஏற்றப்படும்போது பழைய நிறங்களைத் துடைத்துவிடும். ஆகவே உங்கள் மாற்றங்களைக் கலர்ஸ்கீம் நிகழ்வுக்கான ஆட்டோகமாண்டுக்குள் (தீம் ஏறும்போதெல்லாம் தானாக ஓடும் கட்டளை) எழுதி, தீமை ஏற்றும் வரிக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் முதல் ஏற்றத்துக்கு அது ஓடாது.

கேள்வி: விஷுவல் மோடில் (பகுதியைத் தேர்ந்தெடுக்கும் மோடு) தேர்ந்தெடுத்தால் கமெண்ட் வரிகள் (நிரலில் எழுதும் குறிப்புகள்) கண்ணுக்கே தெரிவதில்லை. ஏன்?

பதில்: தீம் செய்பவர்கள் எழுத்து நிறத்தைச் சாதாரணப் பின்னணியில் மட்டும் சோதிப்பதால். இப்படி மோடு மாற்றி வேலை செய்யும் எடிட்டர்களில் செலக்ஷன் (தேர்ந்தெடுத்த பகுதி) என்பது நகலெடுக்கும் நேரத்துக்கு மட்டுமல்ல. அதைப் படித்துப் பார்த்துத்தான் அடுத்த கட்டளையைக் கொடுக்கிறோம். ஓர் உதாரணம்: பின்னணி #202020, கமெண்ட் #808080 என்றால் ஒளி வேறுபாட்டு விகிதம் சுமார் 4.1, படிக்கலாம். விஷுவல் பின்னணியை #505050 என்று வைத்தால் அதே கமெண்டுக்கு விகிதம் 2 தான். செலக்ஷனை நீலம் கலந்த #303850 ஆக்கி, கமெண்டை #909090 ஆக உயர்த்துங்கள்: செலக்ஷனில் 3.6, வெளியே 5.1 கிடைக்கும். வெளிச்சத்தை அதிகம் கூட்டாமல் சாயலை மாற்றியதால் செலக்ஷனும் பிரிந்து தெரியும்.

தீமில் விஷுவல் குழுவுக்கு (செலக்ஷனின் நிறங்களை வைக்கும் இடம்) எழுத்து நிறம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் தேர்ந்தெடுத்த பகுதியில் நிரலின் பாகங்களைப் பிரித்துக்காட்டும் சின்டாக்ஸ் நிறமெல்லாம் போய்விடும். ஜோடி அடைப்புக்குறிகளைக் காட்டும் மேட்ச்பேரன் குழுவையும் பாருங்கள். ஜோடி அடைப்புக்குறி நிரப்பிய கட்டமாக வந்தால் கட்டக் கர்சரைப் போலவே இருக்கும், கர்சர் எந்த அடைப்புக்குறியில் நிற்கிறது என்றே தெரியாது. அதற்குப் பின்னணி வேண்டாம். தடித்த எழுத்தும் அடிக்கோடும் போதும்.

கேள்வி: ஹீலிக்ஸ் என்ற எடிட்டரின் தீமில் இன்சர்ட், செலக்ட் மோடுகளுக்கு ஸ்டேட்டஸ் லைன் நிறங்கள் எழுதினேன். மாறவே இல்லை.

பதில்: ஹீலிக்ஸின் கன்ஃபிக் (அமைப்பு) கோப்பின் எடிட்டர் பகுதியில் கலர்-மோட்ஸ் மதிப்பை ட்ரூ ஆக்குங்கள். தானாக அது அணைந்தே இருக்கும். கர்சர் வடிவமும் எல்லா மோடிலும் கட்டம்தான். கர்சர்-ஷேப் பகுதியில் இன்சர்ட்டுக்கு 'பார்' (bar, கோடு) என்று கொடுக்க வேண்டும். டெர்மினலின் வரம்பு காரணமாக முதன்மைக் கர்சர் மட்டுமே வடிவம் மாறும், மற்றவை கட்டமாகவே நிற்கும். எனவே பல கர்சர் வைத்து வேலை செய்பவர்கள் கர்சரின் இன்சர்ட் நிறத்தையும் எழுதிவையுங்கள்.

தீமின் மூலக் கோப்பைத் தொடாமல், இன்ஹெரிட்ஸ் வரியோடு (எந்தத் தீமிலிருந்து எடுப்பது என்று சொல்லும் வரி) புதிய கோப்பு தொடங்கி வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். அதில் முதன்மை செலக்ஷனுக்கும் மற்றவற்றுக்கும் வேறு வேறு நிறம் கட்டாயம் இருக்கட்டும். ஆல்ட்-காற்புள்ளி முதன்மையை மட்டும் நீக்கும். இரண்டும் ஒரே நிறமானால் வேண்டியதை நீக்கிவிட்டு வேண்டாததை வைத்துக்கொண்டிருப்பீர்கள்.