குரங்குக்கும் எண்டோமெட்ரியோசிஸ் வருமா?

கேள்வி: எனக்கு 29 வயது. மாதவிடாய் வந்தால் அடிவயிறு பிடுங்கி எடுக்கிறது. ஸ்கேனில் இடது சினைப்பையில் 3 செ.மீ. சாக்லேட் கட்டி இருப்பதாகவும், இது எண்டோமெட்ரியோசிஸ் என்றும் சொன்னார்கள். குரங்குகளுக்கும் இந்நோய் தானாக வருமாமே? அடிக்கடி குட்டி போடும் காட்டுக் குரங்குகளுக்கு வராது என்றும் படித்தேன். அப்படியானால் குழந்தை பெற்றுக்கொண்டால் எனக்கும் சரியாகிவிடுமா?

பதில்: கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். இது குரங்குகளுக்கு வருவது உண்மைதான். ரீசஸ், நீள்வால் மக்காக், பபூன் ஆகிய மூன்று குரங்கு வகைகளிலும் தானாகவே வருகிறது, ஏனென்றால் அவற்றுக்கும் மாதவிடாய் உண்டு. ரீசஸுக்குச் சுழற்சி சுமார் 28 நாள், பபூனுக்குச் சுமார் 33. ஆய்வகத்தில் பயன்படும் சாதாரண எலிக்கு மாதவிடாய் கிடையாது. கருப்பைத் திசுவை வயிற்றுக்குள் பதித்துத்தான் அதற்கு இந்நோயை உண்டாக்க முடியும்.

மாதவிடாய் இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் போகிறது. அதிலுள்ள உட்சவ்வுத் துணுக்குகள் சினைப்பையிலும் குடல் மேலும் ஒட்டி வளர்கின்றன என்பது 1927-இல் சாம்ப்சன் என்ற மருத்துவர் தந்த விளக்கம். ஆனால் இந்தப் பின்னோட்டம் பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, நோய் சிலருக்குத்தான். பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. என்பிஎஸ்ஆர்1 என்ற மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை மனிதக் குடும்பங்களிலும் ரீசஸ் குரங்குகளிலும் ஒருசேரக் கண்டதாக 2021-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆகவே, நீங்கள் சாப்பிட்டதோ செய்ததோ இதை வரவழைக்கவில்லை.

நோயுற்ற குரங்கு மாதவிடாய் நாட்களில் தீனியைத் தொடாது, முதுகைக் கூனிக்கொண்டு ஒடுங்கி உட்காரும். வயிற்றை அழுத்திப் பார்த்தால் அசையாத கட்டி கைக்குத் தட்டுப்படும். வயிற்றைத் திறந்து பார்த்தால், சினைப்பையில் உங்கள் கட்டியில் இருப்பதுபோலவே பழுப்பு நிறக் கெட்டித் திரவம். குடலும் கருப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். வாயில்லா ஜீவன், அதனால் பெரும்பாலும் முற்றிய பிறகே தெரிகிறது. வாயுள்ள பெண்களுக்கும் “மாதவிடாய் என்றால் வலிக்கத்தான் செய்யும்” என்ற பேச்சால் பல வருடங்கள் வீணாவதுதான் கொடுமை.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. காட்டு ரீசஸ் ஐந்தரை மாதம் சினையாக இருக்கும், பிறகு பாலூட்டும்; மாதவிடாய் வரும் மாதங்களே குறைவு. கூண்டில் இணையில்லாமல் வளர்வதற்கோ மாதாமாதம் வருகிறது. பபூன்களில் கூண்டு வாழ்க்கை நீள நீள நோயும் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். இதை வைத்து “குழந்தை பெற்றால் குணம்” என்று முடிவுகட்டுவது தவறு. கர்ப்பத்தில் மாதவிடாய் நிற்பதால் பலருக்கு வலி அடங்கும். மாதவிடாய் திரும்பியதும் வலியும் திரும்பலாம். வலிக்கு மருந்தாக யாரும் பிள்ளை பெற வேண்டாம்.

மாதவிடாயை நிறுத்திவைக்கும் வேலையை மாத்திரையே செய்யும். டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை 2 மி.கி., தினமும் ஒன்று, ஒரே நேரத்தில், இடைவெளி விடாமல். முதல் சில மாதங்கள் திட்டுத்திட்டாக இரத்தம் படும்; பலர் பயந்து நிறுத்துவது இங்கேதான். பொறுத்தால் பெரும்பாலும் அடங்கும். மனச்சோர்வு தலைகாட்டினால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதைக் கருத்தடை மாத்திரையாக நம்பக் கூடாது, ஆணுறை தேவை. வலிக்கு மெஃபெனமிக் அமிலம் 500 மி.கி., உணவுக்குப் பின், ஒரு நாளில் மூன்று வேளைக்கு மேல் வேண்டாம். வலி உச்சிக்கு ஏறிய பின் போட்டால் பலன் குறைவு. தொடங்கும்போதே போட வேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் கிளம்பும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது கூடாது.

3 செ.மீ. கட்டிக்காக மட்டும் அவசரமாக அறுவை செய்யத் தேவையில்லை. கட்டியை உரித்தெடுக்கையில் நல்ல கருமுட்டைகளும் குறையும். செய்தே ஆக வேண்டுமென்றால் முன்னதாக, கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரத்தத்தில் உள்ள சிஏ-125 என்ற புரதத்தின் அளவை வைத்து நோயை உறுதிசெய்யவோ இல்லையென்று சொல்லவோ முடியாது. அந்தச் செலவு வீண். கர்ப்பத்துக்கு முயல்வதானால் டையனோஜெஸ்ட்டை நிறுத்த வேண்டும். ஆறு மாதத்தில் கரு நிற்காவிட்டால் கருத்தரிப்பு நிபுணரைப் பாருங்கள். திடீரென ஒருபக்க வலி வாந்தியோடோ காய்ச்சலோடோ வந்தால், கட்டி முறுக்கிக்கொண்டோ, வெடித்தோ, சீழ் பிடித்தோ இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.