ஓரத்து வளைவு ஏன் முட்டையாகிறது?

கேள்வி: அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு கம்ப்யூட்டரிலேயே ஆல்பம் செய்கிறேன். படங்களைச் சுற்றி பூவிதழ் போன்ற ஸ்காலப் ஓரம் வைத்தால் வட்டம் முட்டையாக நசுங்குகிறது, மூலையில் பாதி வட்டம் தொங்குகிறது. என்ன செய்ய?
– வாசகி, மதுரை

பதில்: ரெடிமேட் ஓரத்தை இறக்கி, படத்தின் அளவுக்கு இழுத்திருப்பீர்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் எந்த வட்டமும் நசுங்கத்தான் செய்யும். அதைவிட ஓரத்தை நீங்களே போட்டுவிடலாம், ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள் போதும், காசு கிடையாது.

முதலில் கணக்கு. 12 அங்குலப் பக்கம், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 3600 பிக்சல். அதில் படத்துக்குப் பின்னால் வைக்கும் அட்டையை 1800க்கு 1200 என்று எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டுமே நாம் போடப்போகும் வட்டத்தின் அளவான 100ஆல் மீதியில்லாமல் வகுபடும். அட்டைக்குக் கீழே புது லேயர் (தனி அடுக்கு) திறந்து, ஓரம் மங்காத வட்ட பிரஷ், அளவு 100, ஸ்பேசிங்கும் (வட்டத்துக்கு வட்டம் இருக்கும் தூரம்) 100 வைத்து ஒரு மூலையில் சரியாக க்ளிக் செய்து, ஷிஃப்டை அழுத்தியபடியே அடுத்த மூலையில் க்ளிக் செய்தால் வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாக விழும், மூலையில் முக்கால் வட்டம் அழகாக உட்காரும். கைடு கோடுகள் போட்டுக்கொண்டால் குறி தப்பாது. நிழல் கொடுக்கும் முன் அட்டையையும் வட்டங்களையும் ஒரே லேயராகச் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் அசிங்கமாகக் கோடு தெரியும். அப்புறம், சேமிப்பது பிஎன்ஜியில். ஜேபெக்கில் சேமித்தால் வளைவுக்கு வெளியே வெள்ளை நிரம்பிவிடும்.

கேள்வி: பக்கத்தின் விளிம்பிலேயே இந்த வளைவு வைக்கலாமா?
– அதே வாசகி

பதில்: திரையில் பிரமாதமாக இருக்கும், அச்சில் போகும். வெட்டும்போது சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குப் போவது சகஜம், அதாவது சுமார் 35 பிக்சல், அதுவும் நாலு பக்கமும் ஒரே மாதிரி போகாது. அரை அங்குலமாவது உள்ளே தள்ளி வையுங்கள். எல்லாப் படத்துக்கும் ஸ்காலப் வேண்டாம், பக்கத்துக்கு ஒன்று போதும் என்பது என் கட்சி.

வீட்டிலிருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களையும் பாருங்கள், சிலவற்றில் வெள்ளை ஓரமே நெளிநெளியாக வெட்டியிருக்கும். அதற்கு மேல் இன்னொரு அலங்காரம் எதற்கு? ஸ்கேனர் மூடியின் உட்புறம் பெரும்பாலும் வெள்ளை என்பதால் அந்த ஓரம் தெரியாமல் போகும், படத்தின் முதுகில் ஒரு கறுப்புத் தாளை வைத்து ஸ்கேன் செய்யுங்கள்.