கறவை மெஷின் வாங்கிய பிறகு சாயங்காலப் பால் மட்டும் ஏன் திரிகிறது?

கேள்வி: திருவாரூர் பக்கம் ஆறு கறவை மாடு. பக்கெட் மெஷின் வாங்கிய சில மாதத்தில் சாயங்காலப் பால் சொசைட்டியில் திரிந்து திரும்புகிறது. மாட்டில் கோளாறா?

மாட்டைச் சந்தேகப்படுமுன் லைனரை (காம்பில் மாட்டும் ரப்பர் குழல்) கழற்றி, வாய்ப்பகுதியின் உள்மடிப்பில் விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். வழவழத்தால் கொழுப்பு. உப்புத்தாள் போல் சொரசொரத்தால் பாலின் உப்பும் போர்த்தண்ணீர் உப்பும் சேர்ந்து இறுகிய படிவு. காலையில் அரைகுறையாகக் கழுவிய குழாயில் நிற்கும் ஈரத்தில், நம் டெல்டா வெயிலுக்குக் கிருமி பகலெல்லாம் பெருகும். சாயங்காலம் முதல் மாட்டின் பால் அதை அலசிக்கொண்டுதான் கேனுக்குப் போகிறது.

தப்பு பெரும்பாலும் முதல் அலசலில். கறந்ததும் கொதிநீர் விட்டால் பால் புரதம் வெந்து ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். கறந்த கையோடு, கை தாங்கும் வெதுவெதுப்பான நீரை (35–40 டிகிரி) வெள்ளை போகும்வரை மெஷினே உறிஞ்சட்டும். அடுத்தது 60–70 டிகிரி நீரில், பாக்கெட்டில் போட்ட அளவு காரப் பவுடர், ஐந்து முதல் பத்து நிமிடம். 40-க்குக் கீழே ஆறுமுன் வடித்துவிடுங்கள், ஆறினால் கரைந்த கொழுப்பு மறுபடி படியும். பாத்திர சோப்பு கூடவே கூடாது; நுரை வாக்குவம் குழாய்க்குள் ஏறிவிடும். கடைசியில் நல்ல தண்ணீர் விட்டு, ஒரு சொட்டும் தேங்காதபடி தொங்கவிடுங்கள். சாயங்காலம் கறக்குமுன் இன்னொரு தடவை சுடுநீர் விடலாம். அப்போது உள்ளே பால் இல்லை, சூடு கெடுதல் செய்யாது.

அந்தச் சொரசொர உப்புப் படிவுக்கு வாரம் ஒருமுறை அமிலக் கழுவல். வேதாரண்யம் பக்கம் போல உப்புத் தண்ணீர் என்றால் இரண்டு முறை. அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

ரப்பர் லைனர் சுமார் 2,500 கறவை தாங்கும். ஆறு மாடு, இரண்டு வேளை, ஒரே செட் என்றால் நாளுக்கு 12. ஏழு மாதத்தில் கணக்கு முடிந்துவிடும். வெடித்த ரப்பரை எந்தப் பவுடரும் சுத்தமாக்காது.

ஐப்பசி, கார்த்திகைச் சேற்றில் மடி முழுக்கத் தண்ணீர் அடித்துக் கழுவுவது வழக்கம். வழியும் அழுக்கு நீரை லைனர் உறிஞ்சிக்கொள்ளும். காம்பை மட்டும் கழுவி, மாட்டுக்கு ஒரு துணியாகத் துடையுங்கள். கறந்ததும் அயோடின் கரைசலில் காம்பை முக்கி, தீவனம் போட்டு அரைமணி நேரம் நிற்க வையுங்கள்; காம்புத் துளை மூடுமுன் சாணியில் படுத்தால் மடிநோய்தான்.

இவ்வளவுக்கும் பிறகு திரிந்தால், ஒவ்வொரு மாட்டிலும் கையால் கொஞ்சம் பீய்ச்சித் தனித்தனி டம்ளரில் எடுங்கள். கேன் பாலையும் ஒரு டம்ளர் அதே இடத்தில், அதே நேரம் வைத்துக் காய்ச்சுங்கள். கேன் பால் மட்டும் திரிந்தால் மெஷின். ஏதாவது ஒரு மாட்டின் டம்ளரும் திரிந்தால் அந்த மாட்டைக் கடைசியில் கறந்து, பாலைத் தனியே வைத்து, டாக்டரிடம் காட்டுங்கள்.